பாதுகாப்பாக எடுத்துவைத்த தளபாடம்

பிறர் பொருளைத் தன் பொருளினும் மேலாகக் காப்பவனே மனிதன். ஒரு சமூகத்தின் நாகரிகத்தை அதன் கோபுரங்களில் தேடக்கூடாது, அதன் பூட்டிய வீடுகளில் தேடவேண்டும். இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர் கேதீஸ்வரன் இதை இணுவிலில் நான்கு மேடைகளில் சொல்லியிருக்கிறார். நான்காவது, அவருடைய மணிவிழா மேடை. அன்று அவர் அமர்ந்திருந்த கைபிடிக் கதிரை அவருடைய அக்காவினது. மாலைகளைக் கழற்றிக் குவித்த மேசையும் அக்காவினது.

அக்கா மனோரஞ்சிதம் ரீச்சர் பதின்மூன்று வருடங்களுக்கு முன் கனடாவில் இருக்கும் மகளிடம் போனபோது, வீட்டைப் பூட்டித் திறப்பைத் தம்பியின் கையில் கொடுத்தார். இரண்டு வளவுகளும் முதுகோடு முதுகு. நடுவில் ஒரு கிடுகு வேலி. வேலியில் ஓர் ஆள் குனிந்து போகக்கூடிய பொட்டு. வெள்ளிக்கிழமை விளக்கேற்றவும், மழை விட்டபின் கூரை பார்க்கவும் அந்தப் பொட்டு போதும் என்பதுதான் ஏற்பாடு.

முதல் வருடம், கறையானுக்குப் பயந்து, ஒரு கதிரை பொட்டால் வந்தது. ஒரு கதிரையைத் தனியே வைத்திருப்பது அழகில்லை என்று மற்ற ஏழும் வந்தன. கதிரைகளுக்கு மேசை வேண்டியிருந்தது. அக்கா வீட்டு அலுமாரிக்குள் எலி போகிறது என்று அலுமாரி வந்தது. முதிரை மரக் கட்டில் வந்தபோது பொட்டைச் சற்று அகலப்படுத்த வேண்டியிருந்தது. குத்துவிளக்கும் வந்துவிட்டதால், வெள்ளிக்கிழமைகளில் அங்கே போய் ஏற்றுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

“எடுத்தது” என்ற சொல்லை அந்த வீட்டில் எவரும் பாவித்ததில்லை. “பாதுகாப்பா வச்சிருக்கிறம்” என்பார்கள். இடம் போதாமல் போனதும் கேதீஸ்வரன் தன்னுடைய பழைய கட்டிலையும் கதிரைகளையும் கோயில் மடத்துக்குத் தர்மம் செய்தார். மடத்தின் சுவரில் அதற்கு ஒரு பெயர்ப்பலகை உண்டு. கடைசியாக, அந்தப் பக்கத்திலிருந்து வருவதற்கு இனி ஒன்றும் மீதமில்லை என்ற நிலையில், வேலியைப் பிடுங்கிவிட்டு ஏழடி உயர மதில் கட்டினார். அக்கா வீட்டின் பாதுகாப்புக்காக.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவின் மகள் சாருஜா போன் எடுத்தாள். கனடாவில் வீடு வாங்கி விற்றுக் கொடுப்பதுதான் அவளுக்குத் தொழில்.

“மாமா, அம்மா வீட்டை விப்பம் எண்டு சொல்லிப்போட்டா. லண்டனிலையிருந்து ஒரு டொக்டர் வந்து நிக்கிறார், நெல்லியடி ஆள். வாற சனிக்கிழமை வந்து பாப்பார்.”

“நல்ல விசயம் பிள்ளை. கூட்டித் துடைச்சு வைக்கிறன்.”

“கூட்டினாக் காணாது மாமா. இஞ்சை நாங்கள் வெறும் வீட்டை ஒருத்தருக்கும் காட்டமாட்டம். வெறும் அறை சின்னனாத் தெரியும். கட்டிலைப் போட்டுக் காட்டினாத்தான் உதுக்குள்ளை கட்டில் கொள்ளும் எண்டு சனம் நம்பும். இதுக்கெண்டே சாமானை வாடகைக்கு எடுத்து அடுக்கிறனாங்கள். உங்களுக்கு அந்தக் கரைச்சலும் இல்லை. அம்மான்ரை சாமான் எல்லாம் அங்கைதானே கிடக்கு.”

கேதீஸ்வரன் தொண்டையைச் செருமினார். முப்பது வருடம் காலைக் கூட்டத்தில் எண்ணூறு பிள்ளைகளை அடக்கிய செருமல் அது. கனடா வரை போய் ஒன்றும் செய்யவில்லை.

“பிள்ளை, நான் சொல்லுறதைக் கேள். வெறுமை எண்டது குறை இல்லை. வாங்கிறவன் தன்ரை கனவைக் கொண்டந்து இறக்கிவைக்க ஒரு இடம் வேணும். நாங்கள் குறுக்காலை கட்டிலைப் போட்டு அதை மறிக்கக்கூடாது.”

“கனவை விடுங்கோ மாமா. சாமான் இருக்குத்தானே?”

“இருக்கு, இருக்கு. பாதுகாப்பா இருக்கு.”

“அப்ப அடுக்குங்கோ. டொக்டர் பாக்கேக்கை வீடியோவிலை அம்மாவும் பாப்பா. தன்ரை கட்டிலை ஒருக்காப் பாக்கவேணுமாம்.”

போனை வைத்த கேதீஸ்வரன் அந்தக் கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்றார்.

மனைவி சுபாஜினி குசினி வாசலில் அரிசி களைந்துகொண்டு முழுவதையும் கேட்டிருந்தார்.

“இப்ப என்னப்பா செய்யப்போறியள்?”

“வெறும் வீடாவே காட்டுவம். சாமானைக் கறையான் திண்டிட்டுது எண்டு சொல்லுவம்.”

“முதிரையைக் கறையான் தின்னாது எண்டு மச்சாளுக்குத் தெரியும்.”

“அப்ப கள்ளர்.”

“பதின்மூண்டு வருசத்திலை ஒரு நாளும் ஏன் சொல்லேல்லை எண்டு கேப்பா. பொலிசிலை சொன்னனியோ எண்டு கேப்பா.” அதற்கு மேலும் அக்கா கேட்கக்கூடிய ஒரு கேள்வி இருந்தது. சுபாஜினி அதைச் சொல்லாமல் அரிசிக் கழுநீரை வாழைக்கு ஊற்றினார்.

வாடகைக்கு எடுப்பது என்று ஒரு யோசனை வந்தது. கலியாண வீடுகளுக்குச் சாமான் கொடுப்பவர் ஒருவருக்குக் கேதீஸ்வரன் போன் எடுத்தார். அவரிடம் தங்க நிறத்தில் இரண்டு சிம்மாசனம், அன்னம் வைத்த ஊஞ்சல் ஒன்று, பிளாஸ்ரிக் கதிரை முந்நூறு இருந்தன.

“ஆர் சேர், பேத்தியோ பெரிசானது?” என்று அவர் கேட்டார். பேரன்தான் இருக்கிறான் என்று சொல்லிக் கேதீஸ்வரன் போனை வைத்தார்.

மிஞ்சியது ஒரே வழி. சாமான்களை இருந்த இடத்துக்கே கொண்டுபோய் வைப்பது. வேலி இருந்திருந்தால் ஒரு மாலைப்பொழுதில் முடிகிற காரியம். கேதீஸ்வரன் பின்வளவுக்குப் போய், தான் கட்டிய மதிலை நிமிர்ந்து பார்த்தார். மேலே உடைந்த கண்ணாடி ஓடும் பதித்திருந்தார். இனி ஒழுங்கையால் இறங்கி, கோயில் வாசலைத் தாண்டி, சந்தியைச் சுற்றி, மற்ற ஒழுங்கையால் உள்ளே போகவேண்டும். ஊரின் கண்கள் அவ்வளவும் இருக்கிற வழி அது.

“இருட்டினாப்பிறகு ஏத்துவம்,” என்றார்.

“விளக்கு வச்சாப்பிறகு வீட்டுச் சாமானை வெளியிலை குடுக்கப்படாது. லட்சுமி போயிடுவா.”

“இஞ்சை வந்ததெல்லாம் விளக்கு வச்சாப்பிறகுதானே வந்தது?”

“வரலாம். குடுக்கத்தான் கூடாது.”

இரண்டு நாள் கேதீஸ்வரன் சரியாகச் சாப்பிடவில்லை. உண்மையைச் சொன்னால் என்ன என்றும் ஒரு தரம் நினைத்தார். ‘அக்கா, பிழை செய்திட்டன்’ என்பது ஒரு சிறிய வாக்கியம். கண்ணாடிக்கு முன் நின்று சொல்லிப் பார்த்தார். கண்ணாடி அக்காவின் அலுமாரியில் இருந்தது. வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது. சிறு வயதில் அவருக்கு அரிச்சுவடி எழுதக் கை பிடித்துப் பழக்கியது அக்காதான். அந்த அக்காவின் முகத்தில் ‘நீயா?’ என்ற பார்வை வருவதைப் பார்க்க அவரால் முடியாது. அவர் பயந்தது அந்த ஒரு பார்வைக்குத்தான். மற்றதெல்லாம் அதைச் சுற்றிக் கட்டிய மதில்.

புதன்கிழமை மத்தியானம் ஓர் எண்ணம் வந்தது. வெட்கப்படவேண்டிய எண்ணம் என்பதால் அதை மேடையில் சொல்வது போல நிமிர்ந்து நின்று சொன்னார்.

“அக்கான்ரை வீடு நல்ல மாதிரி விலைப்படவேணும் எண்டு எங்கடை வீட்டுச் சாமானை நாங்கள் குடுத்து உதவுறம்.”

சுபாஜினி அவரை மேலும் கீழும் பார்த்தார். “ஆருக்கு உந்தக் கதை?”

“ஊருக்கு.”

“மச்சாளுக்கு?”

“அக்காவுக்கு ஒரு கதையும் தேவையில்லை. அவவின்ரை சாமான் அவவின்ரை வீட்டிலை கிடக்கும். பாப்பா. அவ்வளவுதான்.”

“கெட்டிக்காரன்தான்,” என்றார் சுபாஜினி. அதில் மெச்சல் இருந்ததா என்று கேதீஸ்வரன் கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குச் சிவரூபன் தன் லாண்ட் மாஸ்டர் உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினான். அதன் இழுவைப் பெட்டியில் முதலில் எட்டுக் கதிரைகளையும் ஏற்றினான். அவன் இருபது வருடமாகச் சாமான் ஏற்றுபவன். கதிரைகளைக் கால் மேலே இருக்கும்படி கவிழ்த்துத்தான் அடுக்குவான். கேதீஸ்வரன் வேட்டி சால்வையோடு, குடை பிடித்து, வண்டிக்கு முன்னால் நடந்தார். சாமி வெளிவீதி வருகிறபோது கோயில் சபைத் தலைவராக அவர் நடக்கிற நடைதான் அது. வேறு நடை அவருக்கு வராது.

கோயில் வாசலில் நின்ற இரண்டு பெண்கள் பார்த்தார்கள். மதகடியில் சைக்கிளை நிறுத்திய ஒருவர் பார்த்தார். எல்லோரும் முதலில் கேதீஸ்வரனையும் பிறகு கதிரைகளையும் பார்த்து, பிறகு கொஞ்ச நேரம் கதிரைகளையே பார்த்தார்கள்.

சந்தியில் கடை வைத்திருக்கும் மார்க்கண்டு கல்லாவை விட்டு எழும்பி வெளியே வந்தார். கோயில் சபைப் பொருளாளரும் அவர்தான்.

“என்ன சேர், வீடு மாறுறியளோ?”

“இல்லை மார்க்கண்டண்ணை. அக்கா வீட்டை விக்கிறா. வெறும் வீட்டைக் காட்டினால் மதிப்பிருக்காது எண்டு எங்கடை சாமானைக் குடுத்து உதவுறன். கூடப்பிறந்தது, நாங்கள் செய்யாமல் ஆர் செய்யிறது?”

மார்க்கண்டு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பெட்டியை ஒரு முறை சுற்றி வந்தார்.

“பெரிய மனம் சேர் உங்களுக்கு. சாமானைக் குடுக்கிறது பெரிசில்லை. உங்கடை கதிரைக்கு அக்கான்ரை பேரையும் எல்லோ வச்சிருக்கிறியள். அதுவும் எட்டுக்கும்.”

கேதீஸ்வரன் திரும்பிப் பார்த்தார்.

கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் கதிரை இரவல் கொடுக்கிற ஊர் அது. திரும்பி வரவேண்டுமென்றால் உடையவரின் பெயர் ஆசனத்தின் அடியில் இருக்கவேண்டும். மனோரஞ்சிதம் ரீச்சர் எந்தக் காலத்திலோ நீல மை எடுத்து, கரும்பலகையில் எழுதுவது போன்ற முத்து முத்தான எழுத்தில், ஒவ்வொரு கதிரைக்கும் அடியில் ‘மனோ ரீச்சர்’ என்று எழுதி வைத்திருந்தார். கேதீஸ்வரன் அந்தக் கதிரைகளில் பதின்மூன்று வருடம் உட்கார்ந்தவர். கவிழ்த்துப் பார்த்தவரல்லர். அவர் எவருக்கும் கதிரை இரவல் கொடுத்ததில்லை.

“அக்கா… ஆசையா…” என்று தொடங்கினார்.

“ஓம் ஓம்,” என்றார் மார்க்கண்டு. “வெயில் ஏறுது சேர். நடவுங்கோ.”

கடை வாசல் மரவாங்கில் இருந்தவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம். கேதீஸ்வரன் குடையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு மிச்ச வழியையும் நடந்தார்.

இரண்டாவது, மூன்றாவது சுமைகளைப் படங்கு போட்டு மூடி ஏற்றச் சொன்னார். மூடிப் போனதை ஊர் இன்னும் கூடுதலாகப் பார்த்தது. படங்குக்கு வெளியே முதிரைக் கட்டிலின் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கட்டிலை ரீச்சரின் கலியாணத்துக்கு எந்தத் தச்சர் செய்தார் என்பது வரை ஊருக்குத் தெரியும்.

வீட்டை அடுக்குவதற்கு யோசிக்கத் தேவையிருக்கவில்லை. சிவப்புச் சீமெந்து நிலத்தில் ஒவ்வொரு சாமானின் காலுக்கும் ஒரு வெளிறிய வட்டம் இருந்தது. சுவரில் அலுமாரி அளவுக்கு ஒரு வெள்ளை. இருந்த இடம் தெரிந்த பொருட்கள் போல எல்லாம் போய் உட்கார்ந்தன. அலுமாரிக் கதவில் பேரன் ஒட்டியிருந்த பொம்மைப் படங்களைச் சுபாஜினி தேங்காயெண்ணெய் போட்டுச் சுரண்டினார். ஒன்று மட்டும் போகமாட்டேன் என்றது. அதன் மேல் ஒரு கலண்டரைத் தொங்கவிட்டார்.

“சாருஜா சொன்னது சரிதானப்பா,” என்றார் வேலை முடிந்ததும். “அறை பெரிசாத்தான் தெரியுது.”

அந்த அறை இவ்வளவு அழகானது என்பது கேதீஸ்வரனுக்கும் மறந்துதான் போயிருந்தது.

சனிக்கிழமை பத்து மணிக்கு டொக்டர் நிருஷனும் மனைவியும் வந்தார்கள். டொக்டருக்கு நாற்பது வயதிருக்கும். மரியாதையானவர், செருப்பை வாசலிலேயே கழற்றினார். மனைவியின் கையில் போன். அதற்குள் கனடாவில் சாருஜாவும், அவளுக்குப் பக்கத்தில் சால்வை போர்த்தபடி அக்காவும்.

“தம்பி, சுகமோ?” என்றார் அக்கா. அந்த ஒரு சொல்லுக்கே கேதீஸ்வரனின் கண் நிலத்துக்குப் போய்விட்டது.

“சுகம் அக்கா.”

டொக்டரின் மனைவி அறை அறையாகப் போனைக் கொண்டுபோனார். சாப்பாட்டு மேசையைக் கண்டதும் அக்கா “ஓம்” என்றார். கட்டிலைக் கண்டதும் போனுக்குக் கிட்டக் குனிந்தார். அலுமாரியை டொக்டர் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

“நல்ல வேலைப்பாடு,” என்றார். “கதவு என்ன லேசாத் திறபடுது!”

“பதின்மூண்டு வருசம் பூட்டிக்கிடந்த அலுமாரி,” என்றார் அக்கா மெதுவாக, டொக்டர் அடுத்த அறைக்குள் போனதும். “கதவுப் பிணைச்சல் ஒரு சத்தமும் போடேல்லை. தம்பி நல்லாத்தான் பாத்திருக்கிறான்.”

கேதீஸ்வரன் யன்னலுக்கு வெளியே இருந்த எலுமிச்சையை மிகவும் கவனமாகப் பார்த்தார்.

டொக்டருக்கு வீடு பிடித்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. இனி எல்லை பார்க்கவேண்டும் என்றார். பின் மதில் யாருடைய பக்கம், யார் கட்டியது, மற்றப் பக்கத்தில் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

“நான் கட்டினது,” என்றார் கேதீஸ்வரன், அன்று முதன்முறையாக நிமிர்ந்து.

“அப்ப உங்கடை வளவுக்குள்ளாலை ஒருக்காப் பாப்பமே ஐயா? காரிலை ரெண்டு நிமிசம்.”

கேதீஸ்வரன் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னார்: “ஓம், ஓம், பாருங்கோ. எனக்கும் தம்பி வீட்டைப் பாத்துக் கன நாள். பிள்ளை, போனை நிப்பாட்டிப் போடாதேங்கோ.”

கேதீஸ்வரன் வீட்டில் பின்வளவுக்குப் போக வேறு வழியில்லை, மண்டபத்துக்குள்ளால்தான் போகவேண்டும். டொக்டரின் மனைவி உள்ளே கால் வைத்ததும் நின்றுவிட்டார். மண்டபத்தில் ஒன்றுமே இல்லை. தொலைக்காட்சிப் பெட்டி நிலத்தில் இருந்தது. உடுப்புகள் நான்கு உரப்பைகளில் சுவரோரம் இருந்தன. சுவரில், சட்டம் போட்டு, மணிவிழா வாழ்த்துமடல்.

“ஐயா, இந்த வீடும் விக்கிறதோ?” என்று அவர் கேட்டார். அப்பாவியாகத்தான் கேட்டார்.

சுபாஜினி குசினிக்குள் போய்விட்டார்.

“இல்லையப்பா,” என்றார் டொக்டர் மனைவியிடம், குரலைத் தாழ்த்தாமல். “சந்தியிலை வழி கேக்கேக்கை அந்தக் கடைக்கார ஐயா சொன்னவரெல்லே. ஐயா தன்ரை வீட்டுச் சாமான் முழுக்கத் தமக்கைக்கெண்டு தூக்கிக் குடுத்திட்டாராம். இப்பிடி ஒரு தம்பி இந்தக் காலத்திலை ஆருக்குக் கிடைக்கும்?” பிறகு போனுக்குக் குனிந்தார். “நீங்கள் குடுத்து வச்சனீங்கள் ரீச்சர்.”

போனில் சாருஜாவின் முகம் ஒருதரம் தாயின் பக்கம் திரும்பி, மீண்டும் முன்னுக்கு வந்தது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அக்கா கையை மெல்ல உயர்த்தி மறித்தார். வகுப்பில் ஒரு பிள்ளை பிழையாகச் சொல்லும்போது மற்றப் பிள்ளைகள் சிரிக்காமல் இருப்பதற்கு அவர் உயர்த்துகிற கை அது.

“ஓம் டொக்டர்,” என்றார். “எங்கடை தம்பி சின்னனிலையிருந்தே அப்பிடித்தான்.”

கேதீஸ்வரன் பயந்திருந்த பார்வை அந்த முகத்தில் இல்லை. இருந்திருந்தால் நல்லது என்று அவருக்குத் தோன்றியது.

“உண்மையைச் சொன்னால் ஐயா,” என்று டொக்டர் தொடர்ந்தார், “வீட்டை அந்தச் சாமானோடை பாத்தாப்பிறகு, அது இல்லாமல் எடுக்க மனம் வரேல்லை. கட்டில், அலுமாரி, அந்த எட்டுக் கதிரை, எல்லாத்தோடையும் தருவியளோ? உங்கடை சாமான், உங்களைத்தான் கேக்கவேணும்.”

கேதீஸ்வரன் போனைப் பார்த்தார். என்னுடையவை என்றால் அக்காவின் முகத்துக்கு முன்னால் சொல்லவேண்டும். அக்காவினுடையவை என்றால் டொக்டருக்கு முன்னால் சொல்லவேண்டும். பிறகு அது சந்திக்குப் போகும். சந்திக்கு அது ஏற்கெனவே தெரியும்.

“அக்கா… அக்கா என்ன சொல்லுறாவோ…”

“நான் என்னத்தைச் சொல்ல?” என்றார் அக்கா. “உன்ரை சாமான் எண்டு ஊரே சொல்லுதாம். நீ சொல்லு தம்பி.”

நான்கு மேடைகளிலும் ஒலிவாங்கி தேவைப்படாத குரல் அது. இப்போது டொக்டர் ஓரடி கிட்ட வந்து செவியைச் சரிக்கவேண்டியிருந்தது.

“எடுங்கோ,” என்றார் கேதீஸ்வரன்.

டொக்டர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பிறகு மதில் பார்க்கப் பின்வளவுக்குப் போனார். மனைவி போனோடு மண்டபத்திலேயே நின்றார்.

“கேதீஸ்,” என்றார் அக்கா. பள்ளிக்கூடத்துக்கு அதிபராகப் போன பிறகு அந்தப் பெயரில் அவரைக் கூப்பிட ஒருவரும் மிஞ்சியிருக்கவில்லை, அக்காவைத் தவிர. “இப்ப எதிலை படுக்கிறனீ?”

“பாயிலை அக்கா.”

காட்டச் சொல்கிறார்கள் என்று நினைத்து, டொக்டரின் மனைவி போனை மூலைப் பக்கம் திருப்பினார். பாய் அங்கே சுருட்டிச் சாத்தி வைக்கப்பட்டிருந்தது.

பாயும் அக்காவினது.